முகம் படிக்கும் கருவிகளும் தனித்திருப்போர் உலகும்

அரபு மொழியில் ஆட்டிசத்தைத் 'தவஹ்ஹுத்' என்று வழங்குகின்றனர். ஒன்றாதல், தனித்திருத்தல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தௌஹீத் என்பதும் அதே வேரினது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆந்தலூசியாவில் வாழ்ந்த மெய்யியலாளர் இப்னு பாஜா, 'தத்பீருல் முதவஹ்ஹித்' என்றொரு நூல் எழுதினார். தனித்திருப்பவன் தன் வாழ்வை நெறிப்படுத்திக் கொள்ளும் முறை என்று அத்தலைப்புக்குப் பொருள் கூறலாம். அவர் கூறும் தனித்திருப்பவன், குறைபாடுடைய சமுதாயத்தில் வாழ நேர்ந்த அறிஞன், அவனிடத்தில் குறையில்லை. இன்றைய அரபு மருத்துவ வழக்கில் அதே 'முதவஹ்ஹித்' என்ற சொல் ஆட்டிசம் உடைய ஒருவரைக் குறிக்கிறது. எண்ணூறு ஆண்டு இடைவெளியில் குறை யாரிடம் இருக்கிறது என்னும் கணக்கு இடம் மாறிவிட்டது.

தமிழில் மன இறுக்கம், மதியிறுக்கம் என்ற சொற்கள் வழக்கில் உள்ளன. அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற நீண்ட பெயரும் காணப்படுகிறது. இம்மூன்றையும் நாம் இக்கட்டுரையில் தவிர்த்துள்ளோம். இறுகிய மனம் என்பதும், புற உலகைச் சிந்தியாதவர் என்பதும் வெளியே நின்று பார்ப்பவர் வழங்கும் தீர்ப்புகளே தவிர, உள்ளே இருப்பவரின் நிலையை விளக்குவன அல்ல. ஆட்டிசம் என்றே எழுதுவோம். அதுவும் கிரேக்க மொழியில் 'தான்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான் எனினும், அந்தப் பொருள் நம் செவியில் ஒலிப்பதில்லை.

1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றிய தம் அவதானிப்பை வெளியிட்டபோது இந்நிலை தனித்ததொன்றாக மருத்துவ உலகில் இடம் பெற்றது. மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசக்கூடிய, ஆனால் பிறரோடு ஒட்டாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். இன்று இவையனைத்தும் ஒரே நிறமாலையின் வெவ்வேறு பகுதிகளாகக் கருதப்படுகின்றன. ஒரு சொல்லும் பேசாத குழந்தையும் அதில் உண்டு; பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கும் பேராசிரியரும் உண்டு. இருவருக்கும் பொதுவானது, சொல்லாமல் விடப்படும் செய்திகளைப் படிப்பதில் உள்ள இடர்ப்பாடு. முகக் குறிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், கண்ணோட்டம், இரு பேச்சுகளுக்கு இடையே விடப்படும் மௌனம் ஆகியவற்றைப் பெரும்பாலோர் யாரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்கின்றனர். ஆட்டிசம் உடையவர் பலருக்கு அவை தனிப்பாடமாகக் கற்க வேண்டிய அயல்மொழியாக இருக்கின்றன.

இதனால் நேரும் துன்பம் சிறிதன்று. திருமண வீட்டில் ஸலாம் கூறும் பெரியவரின் முகத்தைப் பாராமல் தரையைப் பார்த்து நிற்கும் சிறுவனை 'வளர்ப்புச் சரியில்லை' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அச்சொல் சிறுவனுக்குப் புரிகிறதோ இல்லையோ, அவன் தாய்க்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த விருந்துக்கு அவர்கள் வருவதில்லை.

கணினி இத்துறைக்குள் நுழைந்ததற்குக் காரணம் உண்டு. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் ஆகியோர் லண்டனில் ஒரு சோதனையை நடத்தினர். சாலி, ஆன் என்ற இரு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் மறைக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? கூடையில் என்பதே சரியான விடை. சோதிக்கப்பட்ட ஆட்டிசக் குழந்தைகள் இருபதின்மரில் பதினாறு பேர் பெட்டியைக் காட்டினர். பிறர் மனத்தில் தன்னறிவினின்று வேறுபட்ட அறிவு இருக்கும் என்பதை ஊகிப்பதில் இவர்களுக்குத் தடை உள்ளது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். இம்முடிவின் மீது பிற்காலத்தில் பல ஐயங்கள் எழுந்தன. அவற்றிற்குப் பின்னர் வருவோம். அன்றைய நிலையில் அது ஒரு வழியைக் காட்டியது. தானாக வராததை விதிகளாகப் பிரித்துக் கற்பிக்கலாம் அல்லவா? ஆட்டிசம் உடையவர் பலர் விதிகளிலும் வகைப்பாடுகளிலும் வல்லவர். கணினியோ விதிகளால் ஆன பொருள். நூறுமுறை கேட்டாலும் சலிப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை, நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாக நடப்பதில்லை. மனிதர் கூட்டத்தில் திணறும் ஒரு குழந்தைக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைப்பது அரிது.

இந்த எண்ணத்தின் முழுமையான வடிவம் கேம்பிரிட்ஜில் பேரன்-கோஹனின் ஆட்டிச ஆய்வு மையத்தில் உருவான 'மைண்ட் ரீடிங்' என்னும் குறுந்தகடு. 2000-களின் முற்பகுதியில் வெளிவந்த அதை உணர்ச்சிகளின் கலைக்களஞ்சியம் எனலாம். ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து, 412 உணர்ச்சிகளாக்கி, 24 தொகுதிகளில் அடுக்கினர். ஒவ்வோர் உணர்ச்சியையும் ஆறு நடிகர் முகத்தால் நடித்துக் காட்டினர். ஆறு குரல்கள் பேசிக் காட்டின. பயில்பவர் தேடலாம், ஒப்பிடலாம், தேர்வு எழுதலாம், விளையாடலாம். ஓபர் கோலனும் பேரன்-கோஹனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்தவர்கள் பத்து முதல் பதினைந்து வாரம் வீட்டிலேயே இதைப் பயின்றனர். தகட்டில் கண்ட முகங்களையும் குரல்களையும் இனங்காண்பதில் அவர்கள் தெளிவாக முன்னேறினர். ஆனால் தகட்டில் இல்லாத புதிய காட்சிகளைக் காட்டியபோது அந்த முன்னேற்றம் பெரிதும் மறைந்தது.

இத்துறையின் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் இடறல் இதுவே. பயிற்சிக் கருவியில் கற்றது வாழ்க்கைக்குள் வருவதில்லை. இலக்கண நூலை மனனம் செய்தவர் சந்தையில் பேரம் பேச முடியாமல் நிற்பதைப் போன்றது அது.

இளங்குழந்தைகளுக்காக அதே குழுவினர் 2006-இல் 'தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்' என்ற படத்தொடரை உருவாக்கினர். ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குத் தொடர்வண்டி, டிராம், இழுவைக் கம்பிவண்டி ஆகியவற்றின் மீது பெரு விருப்பம் உண்டு. தண்டவாளத்தில் ஓடுவது எங்கே செல்லும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதே அதற்குக் காரணமாகலாம். எட்டு வண்டிகளின் முன்புறத்தில் உயிருள்ள நடிகரின் முகத்தை ஒட்டவைத்து, பதினைந்து கதைகள் வழியே பதினைந்து உணர்ச்சிகளைக் காட்டினர். குழந்தை வண்டியைப் பார்க்க அமர்கிறது; பார்க்கும்போதே முகத்தையும் பார்த்துவிடுகிறது. நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகள் நான்கு வாரம் இதைக் கண்டபின், உணர்ச்சியை இனங்காண்பதில் ஏனைய குழந்தைகளுக்கு நிகராயினர் என்று 2010-இல் வெளியான ஆய்வு கூறியது. எனினும் ஆஸ்திரேலியாவில் அறிவுத்திறன் குறைவும் சேர்ந்த குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில் மிகக் குறைந்த பயனே தென்பட்டது. எந்தக் குழந்தைக்கு உதவி மிகுதியாகத் தேவையோ, அந்தக் குழந்தைக்கு அது எட்டவில்லை.

இனி நாம் சற்று நின்று பார்க்க வேண்டியவர் கெய்ரோவிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற ஒரு முஸ்லிம் பெண்மணி. ரனா அல் கலியூபி 1978-இல் எகிப்தில் பிறந்தவர். கெய்ரோவிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்றார். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ரோசலிண்ட் பிக்கார்ட் 1997-இல் எழுதிய 'அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற நூல், கணினி மனித உணர்ச்சியை அறிய வேண்டும் என்று வாதிட்டது. அந்நூலே அவரை இத்துறைக்கு ஈர்த்தது. குடும்பத்தைப் பிரிந்து கேம்பிரிட்ஜில் முனைவர் ஆய்வு மேற்கொண்ட நாள்களில், பகல் முழுதும் கணினியோடு இருந்தும் தம் ஏக்கத்தை அது சிறிதும் அறியாதிருந்ததை அவர் பிற்காலத்தில் பல இடங்களில் நினைவுகூர்ந்துள்ளார். தம் ஆய்வை அவர் விளக்கிய ஓர் அரங்கில், கேட்டிருந்தோருள் ஒருவர், ஆட்டிசம் உடைய தம் சகோதரரும் முகங்களைப் படிக்கத் திணறுவதாகக் கூறினார். கணினிக்குக் கற்பிப்பதை ஆட்டிசம் உடையவருக்கு உதவியாக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

பேராசிரியர் பீட்டர் ராபின்சனின் மேற்பார்வையில் கலியூபி உருவாக்கிய மென்பொருள், மேலே குறித்த குறுந்தகட்டின் நடிகர் முகங்களிலிருந்தே பாடம் கற்றது. உடன்படுதல், மறுத்தல், கவனம் குவித்தல், ஆர்வம் கொள்ளுதல், சிந்தித்தல், ஐயுறுதல் என்னும் ஆறு மனநிலைகளைப் புருவ அசைவு, உதட்டின் கோணம், தலையின் சாய்வு ஆகியவற்றைக் கொண்டு அது ஊகித்தது. தகட்டின் காட்சிகளில் நூற்றுக்கு 77 அளவில் அது சரியாகக் கூறியது. செவித்திறன் குறைந்தவர் கேட்புக்கருவி அணிவதைப் போல, எதிரிலிருப்பவரின் முகக் குறிப்பை எடுத்துரைக்கும் 'உணர்ச்சிக் கேட்புக்கருவி' ஒன்றை அணிய இயலும் என்று 2005-இல் கலியூபியும் ராபின்சனும் எழுதினர்.

இங்கு இடைப்பிறவரலாக ஒன்று கூறலாம். நம் நாட்டில் ஒருவர் தலையை இருபுறமும் இலேசாக ஆட்டினால் 'சரி' என்று பொருள். பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள். பார்க்கலாம் என்றும் பொருள். ஆங்கில நடிகரிடம் பாடம் கற்ற கருவி இதனை என்னவென்று கூறும்? மறுக்கிறார் என்றோ, ஐயுறுகிறார் என்றோ கூற இடமுண்டு. அதை நம்பி ஒரு சிறுவன் விலகிச் சென்றால், கருவி இல்லாதிருந்ததைவிட அவன் நிலை மோசமாகிவிடும்.

கலியூபி பின்னர் பிக்கார்டுடன் அமெரிக்காவில் இணைந்தார். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரோடன் மையத்தில், ஆட்டிசம் உடைய இளையோரிடம் இக்கருவிகள் சோதிக்கப்பட்டன. அங்கும் மசாசூசெட்ஸிலும் நடந்தவற்றுள் நம்மைக் கவர்ந்தது, எதிரில் இருப்பவரை நோக்காமல் அணிந்தவரையே நோக்குமாறு பொருத்தப்பட்ட ஒரு சிறு ஒளிப்படக்கருவி. தன் முகம் பிறருக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தானே பின்னர் பார்த்துக்கொள்ள அது உதவியது. பிறரைப் படிக்கக் கற்பிப்பதற்கு முன் தன்னைக் காண வழிசெய்யும் இவ்வணுகுமுறை நுட்பமானது. அது பரவலாகாமற் போனது வருந்தத்தக்கது.

பரவியது வேறொன்று. 2009-இல் கலியூபியும் பிக்கார்டும் 'அஃபெக்டிவா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஆட்டிசம் உடையவர்க்கான கருவி என்ற நோக்கத்திலிருந்து பிறந்த தொழில்நுட்பத்தை விளம்பர நிறுவனங்கள் நாடி வந்தன. விளம்பரம் பார்ப்பவர் எந்த நொடியில் புன்னகைக்கிறார் என்பதை அறிய அவை பணம் தரத் தயாராயிருந்தன. உளவுத்துறை சார்ந்த முதலீட்டுத் தரப்பொன்று முன்வந்தபோது அதை நிறுவனம் மறுத்துவிட்டதாகக் கலியூபி பொதுவெளியில் கூறியிருக்கிறார், அது பாராட்டுக்குரியது. பிக்கார்ட் பின்னர் அந்நிறுவனத்திலிருந்து விலகினார். வண்டியோட்டியின் உறக்கத்தைக் கண்டறிதல் போன்ற பயன்பாடுகளுக்கு நிறுவனம் திரும்பியது. 2021-இல் சுவீடனின் 'ஸ்மார்ட் ஐ' அதனை வாங்கியது. தனித்திருக்கும் குழந்தைக்காகத் தொடங்கிய பயணம் சந்தைக்குச் சென்று சேர்ந்ததில் யாரையும் குற்றங்கூற நாம் முற்படவில்லை. ஆட்டிசக் குடும்பங்களால் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தாங்கும் அளவு பணம் தர இயலாது, விளம்பரதாரரால் இயலும்.

'உணர்ச்சிக் கேட்புக்கருவி' மூக்குக்கண்ணாடி வடிவில் மீண்டும் வந்தது. கூகுள் கிளாஸ் என்ற கணினிக் கண்ணாடியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் அமைத்த மென்பொருள், எதிரிலிருக்கும் முகத்தைக் கண்டதும் மகிழ்ச்சி, கோபம், வியப்பு என்று அணிந்திருக்கும் குழந்தைக்கு அப்போதே தெரிவித்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 71 குழந்தைகள் பங்கேற்ற அந்த ஆய்வு 2019-இல் வெளியானது. நாற்பது குழந்தைகள் வழக்கமான சிகிச்சையோடு கண்ணாடியையும் வாரம் நான்கு முறை, இருபது நிமிடம் வீதம் ஆறு வாரம் பயன்படுத்தினர். ஏனையோர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். பெற்றோரிடம் கேட்டு மதிப்பிடும் ஒரு சமூகப் பழக்க அளவையில் முதற்குழுவினர் சராசரி 4.58 புள்ளி கூடுதலாக முன்னேறினர். பிற அளவைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சிறிய வெற்றிதான், ஆயினும் வெற்றியே. பயிற்சி நிகழ்ந்தது வீட்டில், சொந்தத் தாய் தந்தையின் முகத்தோடு என்பதால், குறுந்தகட்டில் கண்ட இடறல் இங்கு சற்றுக் குறைந்தது. ஆனால் கூகுள் அக்கண்ணாடியின் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பிறர் நிறுவனத்தின் பொருள்மீது கட்டப்பட்ட சிகிச்சைக்கு அந்நிறுவனத்தின் ஆயுளே ஆயுள்.

இயந்திர மனிதர்களைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் வளர்ந்த 'காஸ்பர்' ஒரு சிறுவனின் உயரமுடையது. முகக் குறிப்புகள் மிகச் சிலவாகவே, வேண்டுமென்றே எளிமையாக அமைக்கப்பட்டவை. யேல் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு குழந்தைகளின் வீடுகளில் ஓர் இயந்திரம் முப்பது நாள், நாள்தோறும் அரைமணி நேரம் குழந்தையோடும் பெற்றோரோடும் விளையாடியது. அது அருகில் இல்லாதபோதும் பெரியவரோடு சேர்ந்து ஒரே பொருளில் கவனம் செலுத்தும் பழக்கம் குழந்தைகளிடம் வளர்ந்தது. இயந்திரம் பெற்றோரை வெளியே அனுப்பாமல் விளையாட்டுக்குள் இழுத்துக்கொண்டது என்பதே இதில் நோக்கத்தக்கது.

இவையனைத்தும் ஓர் எண்ணத்தின் மேல் நிற்கின்றன. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்லி வருகிறோமே, அதன் மேல். அரபு அறிவுலகிலும் புறத்தோற்றத்திலிருந்து அகத்தை ஊகிக்கும் கலைக்கு 'ஃபிராஸத்' என்று பெயர் இருந்தது. பெரும் அறிஞர் ஃபக்ருத்தீன் அர்-ராஸியே அதைப் பற்றித் தனி நூல் எழுதியுள்ளார். ஆனால் 2019-இல் லிசா ஃபெல்ட்மன் பாரட்டும் உடனுழைத்த உளவியலாளரும் இத்துறையின் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டனர். கோபம் கொண்டவர் எல்லா வேளையிலும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பவர் எல்லாரும் கோபம் கொண்டவரல்லர். பண்பாடும் சூழலும் மாறினால் குறிப்பும் மாறும் என்பது அதன் சாரம். முகத்தை மட்டும் கொண்டு உணர்ச்சியைத் துணிவதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று அவர்கள் கூறினர். நடிகர் தந்த 412 முகங்களின் நிலை என்ன? அவை உணர்ச்சிகளைக் காட்டவில்லை. உணர்ச்சியை நடிக்கும் மரபைக் காட்டின. மரபை அறிவதும் பயன்தான். அதை உண்மை என்று கற்பிப்பதே தவறு.

இவ்வையத்தின் விளைவு சட்டம் வரை சென்றுள்ளது. 2022-இல் மைக்ரோசாஃப்ட் தன் முகப் பகுப்பாய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவைத் தடை செய்தது. 2025 பிப்ரவரி முதல் அத்தடை நடப்புக்கு வந்துள்ளது. மருத்துவக் காரணங்களுக்கும் பாதுகாப்புக் காரணங்களுக்கும் விலக்கு உண்டு. ஆட்டிசம் உடைய மாணவர் ஒருவர் பள்ளியில் இத்தகைய கண்ணாடியை அணிந்தால் அது மருத்துவமா, கல்வியா? எதிரில் அமர்ந்திருக்கும் சக மாணவர் தம் முகம் படிக்கப்படுவதற்கு இசைந்தாரா? இக்கேள்விகள் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியன அல்ல.

முகம் பொய்யாகலாம் என்பதற்குப் பிக்கார்ட் தம் உரைகளில் கூறும் ஒரு நிகழ்ச்சி சான்றாகும். தோலில் தோன்றும் மின்கடத்துமையின் மாற்றத்தை அளக்கும் மணிக்கட்டுப் பட்டையை அவர் குழுவினர் உருவாக்கியிருந்தனர். உள்ளே பதற்றம் ஏறினால் அது காட்டும். பேச இயலாத, ஆட்டிசம் உடைய தம் தம்பிக்காக ஒரு மாணவர் விடுமுறையில் இரண்டு பட்டைகளை வாங்கிச் சென்றார். பதிவுகளைப் பார்வையிட்ட பிக்கார்ட், ஒரு கையின் அளவு மட்டும் என்றும் காணாத உயரத்திற்கு எழும்பியிருந்ததைக் கண்டார். கருவி பழுது என்றே முதலில் எண்ணினார். விசாரித்தபோது, அதன் பின்னர் அச்சிறுவனுக்கு வலிப்பு வந்திருந்தது தெரிந்தது. அந்த அவதானிப்பு வளர்ந்து வலிப்பைக் கண்டறியும் கைப்பட்டையாயிற்று. 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. புறத்தே அமைதியாகத் தோன்றும் ஒரு குழந்தையின் உள்ளே புயல் வீசிக்கொண்டிருக்கலாம். அதைப் படிக்கத் தவறுபவர் யார்? நாமே.

இக்கேள்வியைத்தான் டேமியன் மில்டன் 2012-இல் எழுப்பினார். அவர் தாமே ஆட்டிசம் உடைய சமூகவியலாளர். ஆட்டிசம் உடையவர் பிறரைப் புரிந்துகொள்ளவில்லை என்பது பாதி உண்மை. பிறரும் ஆட்டிசம் உடையவரைப் புரிந்துகொள்வதில்லை என்பது மறுபாதி. இதனை அவர் இருதரப்புப் பரிவுச் சிக்கல் என்னும் பொருளில் பெயரிட்டார். எடின்பரோவில் கேதரின் கிராம்டன் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் வரிசையாக ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தினர். ஆட்டிசம் உடையவர் மட்டும் இருந்த வரிசையும், இல்லாதவர் மட்டும் இருந்த வரிசையும் ஒரே அளவு சிறப்பாகக் கடத்தின. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் கதை சிதைந்தது. 2025-இல் வெளியான பெரிய மறு ஆய்வில் கலப்பு வரிசையின் அச்சரிவு காணப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரு ஆய்வுகளிலும் மாறாதிருப்பது ஒன்று. ஆட்டிசம் உடையவர் தமக்குள் செய்தியைக் கடத்துவதில் பிறருக்குக் குறைந்தவராக இல்லை.

அவ்வாறாயின் இக்கருவிகள் கற்பிப்பது திறனா, நடிப்பா? கண்ணைப் பார், புன்னகை செய், கையை ஆட்டாதே என்று ஓயாது பழக்கினால், பிள்ளை ஒரு முகமூடியை அணியக் கற்றுக்கொள்கிறது. ஆட்டிசத்தை மறைத்து வாழும் இம்முயற்சிக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதாக இங்கிலாந்தில் சாரா காசிடியும் உடனாய்வாளரும் 2018-இல் கண்டறிந்தனர். ஆசிரியர் மகிழ, உறவினர் மெச்ச, பிள்ளை உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும் நிலையை வெற்றி என்று அளவை காட்டலாம். நம் கருத்தில், ஒரு கருவியை வாங்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இதைப் பயின்றபின் பிள்ளை யாருக்கு வசதியாக இருக்கும் என்பதே. பிள்ளைக்கே வசதி கூடுமானால், அதாவது கடையில் பொருள் கேட்கவும், வேலைக்கான நேர்காணலில் அமரவும், தன்னை ஏமாற்றுபவனை இனங்காணவும் உதவுமானால், அது நற்கருவி.

அண்மை ஆண்டுகளில் உரையாடும் செயற்கை நுண்ணறிவும் இப்பணிக்கு வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் உருவான 'நூரா' என்ற உரையாடி, ஒருவர் தம் துயரத்தையோ மகிழ்ச்சியையோ கூறும்போது பரிவோடு மறுமொழி கூறப் பயிற்றுகிறது. 2025-இல் வெளியான அதன் ஆய்வில், பயின்றவர் மனிதரோடு பேசும்போதும் முன்னேற்றம் தென்பட்டது. பலர் எந்த ஆய்வுக்கும் காத்திராமல் பொதுவான உரையாடிகளிடமே நாளைய பேச்சை இன்று ஒத்திகை பார்க்கின்றனர். இதில் நமக்கு ஓர் அச்சம் உண்டு. எப்போதும் இசைந்து பேசும் உரையாடியோடு பழகியவர், இசையாத மனிதரைச் சந்திக்கும்போது முன்னிலும் மிகுதியாக இடறக்கூடும். ஒத்திகை அறை வசிப்பிடமாகிவிடலாகாது.

சென்னையில் நடந்த ஒரு முயற்சி நேர் எதிர்த் திசையிலிருந்து இதே சிக்கலை அணுகியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அஜித் நாராயணன், வித்யா சாகர் நிறுவனத்தின் துணையோடு 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். தொடக்கத்தில் பெருமூளை வாதம் காரணமாகப் பேச இயலாத குழந்தைகளை மனத்திற் கொண்டு பிறந்த அது, பின்னர்க் கைக்கணினிச் செயலியாகி ஆட்டிசம் உடையவரிடமும் பரவியது. திரையில் படங்கள் தோன்றும். குழந்தை படங்களைத் தொடும். கருவி அதைக் குரலாக்கும். குழந்தை பிறர் முகத்தைப் படிக்க வேண்டும் என்று அது கோருவதில்லை. குழந்தை சொல்ல விரும்புவதைப் பிறர் கேட்க வழிசெய்கிறது. 'வேண்டாம்' என்ற படமும் அதில் இருக்கிறது. நாள் முழுதும் பிறர் கட்டளைக்கு இணங்கப் பழக்கப்படும் ஒரு பிள்ளை அப்படத்தைத் தொடும்போது, எதிரில் இருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முறை தொடங்குகிறது. பல வீடுகளில் அதைக் கேட்ட பெரியவர்கள் முதலில் செய்வது, கைக்கணினியை வாங்கி வைத்துவிடுவது.